மணல் போனால் அணை எதன்மேல் நிற்கும்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

காவிரியின் கிளையான கொள்ளிடத்தில் இன்னும் சில கதவணைகளைக் கட்டிவிட்டால் வெள்ளமும் வறட்சியும் நம் கைக்குள் அடங்கிவிடும் என்ற பொருளில் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கதவணையே வேண்டாம் என்று சொல்பவன் அல்ல நான். அய்யன் வாய்க்கால் தண்ணீரில் நெல்லும் வாழையும் வைத்துப் பிழைக்கும் குடும்பம் எங்களுடையது. திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் தண்ணீரை மறித்துத் திருப்பாவிட்டால் எங்கள் வீட்டில் உலை கொதிக்காது. ஆனால் கட்டுரை முழுக்க கான்கிரீட்டையும் கதவுகளையும் பற்றியே பேசியது. அவை உட்கார்ந்திருக்கும் மணலைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அந்த ஆற்றாமையில்தான் இந்தக் கடிதம்.

முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. கொள்ளிடம் பள்ளமான பக்கம். விட்டால் தண்ணீர் அந்தப் பக்கமே போகும். ஸ்ரீரங்கம் தீவைச் சுற்றிக்கொண்டு இரண்டு ஆறுகளும் மறுபடி நெருங்கும் இடத்தில் காவிரி கொள்ளிடத்துக்குள் விழப் பார்க்கும். அதைத் தடுத்துத் தஞ்சைக்குத் தண்ணீரைத் தக்கவைக்க எழுந்ததுதான் கரிகாலன் பெயர் சொல்லும் கல்லணை. பழைய கல்லணை 1,080 அடி நீளத்துக்கு வளைந்து வளைந்து கிடந்த கற்கட்டு. அடியில் பாறை கிடையாது, மணல்தான். ஆழம் தெரியாத மணலில் அடித்தளம் போடும் வித்தையை அதைப் பார்த்தே கற்றோம் என்று ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் எழுதி வைத்திருக்கிறார்.

அந்தக் காட்டன் 1836-இல் கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணையைக் கட்டினார். அதன் பிறகு நடந்ததைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறோம். இந்தப் பக்கம் மறித்ததும் காவிரிப் பக்கம் தண்ணீர் கூடி, அங்கே படுகை அரிக்கத் தொடங்கியது. பத்து ஆண்டுகளுக்குள் காவிரியின் தலைப்பிலும் ஒரு தடுப்பைக் கட்ட வேண்டியதாயிற்று. 1934-இல் மேட்டூர் அணை வந்தது. பாசனம் பெருகியது, மறுக்கவில்லை. ஆனால் மலையிலிருந்து வரும் மணலும் வண்டலும் அந்த நீர்த்தேக்கத்தில் படிந்துவிடுகின்றன. கீழே வருவது குறைந்துவிட்டது. வருவது குறைந்த அதே ஆற்றில்தான் நாம் பல ஆண்டுகள் இரவும் பகலும் லாரி லாரியாக மணல் அள்ளினோம்.

2018 ஆகஸ்ட் மாதத்தை எங்கள் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். மேட்டூர் நிரம்பி வழிந்தது. திருவானைக்காவலுக்கும் நம்பர் ஒன் டோல்கேட்டுக்கும் இடையே 1928-இல் திறந்த பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் சாய்ந்தன. சில நாள்களில், 22-ஆம் தேதி இரவு, மேலணையின் ஒன்பது மதகுகள் வரிசையாக விழுந்தன. கட்டடத்துக்கு வயதாகிவிட்டது என்றார்கள். நூற்று எண்பது ஆண்டு ஆன கட்டடத்துக்கு வயது ஆகத்தான் செய்யும். ஆனால் இத்தனை காலம் எத்தனையோ வெள்ளத்தைத் தாங்கியதன் கால்மாட்டில் மணல் எந்த மட்டத்தில் இருந்தது, கடைசி இருபது ஆண்டில் எவ்வளவு இறங்கியது என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். என் மனதுக்குப் பட்டதைச் சொல்கிறேன்: தண்ணீர் தள்ளியதைவிட அடியில் மணல் விலகியதுதான் பெரிய காரணம். இப்போது அங்கே சில நூறு கோடி ரூபாய் செலவில் புதிய கதவணை நிற்கிறது. அதுவும் நிற்பது அதே ஆற்றில்தான்.

என் தகப்பனார் ஆற்றங்கரையையும் மதகுகளையும் காவல் காக்கும் லஸ்கர் வேலை பார்த்தவர். வெள்ளம் வந்தால் கரையில்தான் அவருக்கு இரவு. அரிக்கேன் விளக்கைத் தரையோடு தரையாகப் பிடித்துக்கொண்டு நடப்பார். கரையின் மறுபுறத்தில் எங்காவது தண்ணீர் கசிகிறதா, கசிவது தெளிவாக வருகிறதா கலங்கலாக வருகிறதா என்று குனிந்து பார்ப்பார். தெளிவாக வந்தால் பயமில்லை; கலங்கல் என்றால் கரையின் மண் உள்ளிருந்து கரைகிறது என்று அர்த்தம். உடனே ஊரை எழுப்பிவிடுவார். மூங்கில் முளையும் கீற்றும் மணல் மூட்டையும் வந்து சேரும். நண்டு வளை ஒன்று விடாமல் அவருக்குத் தெரியும். அவர் ஓய்வு பெற்ற பிறகு அந்த இடத்துக்கு ஆளே போடவில்லை. இன்று கதவை ஏற்ற இறக்க மோட்டார் இருக்கிறது. கரையில் நடக்க ஆள் இல்லை.

புதிய கதவணைகளுக்குத் திட்டம் போடுகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். ஒவ்வொரு அணைக்கும் பாலத்துக்கும் மேலும் கீழும் மணல்மட்டத்தை வெள்ளத்துக்கு முன்பும் பின்பும் அளந்து, அந்தக் கணக்கை ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதி வையுங்கள். மட்டம் இறங்கினால் நாங்களே கேள்வி கேட்போம். அந்தப் பகுதிகளில் ஒரு மாட்டுவண்டி மணல்கூட அள்ள விடாதீர்கள். லஸ்கர் பணியிடங்களை நிரப்புங்கள். கதவணைக்கு ஒதுக்கும் பணத்தோடு ஒப்பிட்டால் இதற்கெல்லாம் ஆகும் செலவு மிகச் சிறியது.

சித்திரையில் ஆறு வறண்டிருக்கும்போது உங்கள் நிருபர் ஒருவரை எங்கள் ஊருக்கு அனுப்பி வையுங்கள். அருகிலுள்ள பாலத்தின் அடியில் அழைத்துப் போகிறேன். நான் சிறுவனாக இருந்தபோது மணல் தொட்டுக்கொண்டிருந்த இடம் தூணில் கறையாக இன்னும் தெரிகிறது. இன்று அதன் கீழே நின்று கையை உயர்த்தினாலும் எட்டவில்லை.

இப்படிக்கு,
கொள்ளிடக்கரை விவசாயி,
லால்குடி வட்டம்.