மதிப்பெண் மட்டும் போதுமா?

ஆசிரியருக்கு,

அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் அரசுப் பணத்தில் தனி அமைப்புகள் நடத்தும் சார்ட்டர் பள்ளிகள் என்றாலே எல்லோரும் மதிப்பெண்ணைத்தான் காட்டுகிறார்கள். சரி, 2005 கத்ரீனா புயலுக்குப் பிறகு அந்நகரப் பள்ளிகள் இந்த முறைக்கு மாறியதும் தேர்வு முடிவுகளும் பள்ளிப்படிப்பை முடிப்பவர்களின் எண்ணிக்கையும் உயர்ந்தது உண்மைதான். ஆனால் அப்போது 7,000-க்கும் மேற்பட்ட பள்ளி ஊழியர்கள் வேலையிழந்தார்களே, ஆசிரியர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர், அவர்களை யார் நினைக்கிறார்கள்? பணம் போன வழியையும் பாருங்கள்: நிர்வாகச் செலவு 66 சதவீதம் ஏறியது, கற்பித்தலுக்கான செலவு 10 சதவீதம் குறைந்தது என்று துலேன் பல்கலைக்கழக ஆய்வே சொல்கிறது. படிப்பவர்களில் பெரும்பாலோர் ஏழை வீட்டுக் கறுப்பினப் பிள்ளைகள். ஊரின் மறுகோடியில் இருக்கும் பள்ளிக்காக, விடியும் முன்பே தூக்கக் கலக்கத்தோடு தெருமுனையில் பஸ்ஸுக்கு நிற்கிற குழந்தையை எந்த மதிப்பெண் பட்டியலும் காட்டாது. 2024-ல் அந்நகரின் அரசுப் பள்ளி நிர்வாகமே நேரடியாக லியா சேஸ் பள்ளியைத் திறந்தது. அப்படிப் பேட்டைக்கு ஒன்றாவது வேண்டும்.

– ஒரு வாசகர், மதுரை