சைவக் கடை முதலாளிமாருக்கு: அந்த ஒரு கரண்டி நெய் பற்றி

யாழ்ப்பாண நகரிலும் நல்லூரிலும் சைவச் சாப்பாட்டுக் கடை நடத்தும் ஐயாமாருக்கும் அம்மாமாருக்கும் வணக்கம்.

நான் உங்கள் கடைகளுக்குப் புது ஆள் இல்லை. மச்சம் விட்டு நெடுங்காலம். பால், தயிர், நெய் விட்டு நாலு வருசம். இதை வீகன் என்கிறார்கள். தமிழில் நனிசைவம் என்று அழகான சொல் ஒன்றும் உண்டு. ஒருநாள் கடையில் அதைச் சொல்லிப் பார்த்தேன். பரிமாற வந்த தம்பி, "அது முடிஞ்சுது அக்கா" என்றான்.

போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன், கடையின் பெயர் வேண்டாம். மசாலாத் தோசைக்குச் சொல்லும்போதே, "நெய் விடாமல் தாங்கோ தம்பி" என்றேன். தலையாட்டிவிட்டுப் போனான். தோசை வந்தது. மேலெல்லாம் மினுக்கம், வாசமும் காட்டிக்கொடுத்தது. கேட்டால், "நெய் இல்லை அக்கா, பட்டர்தான்!" அவனில் பிழை சொல்ல எனக்கு மனமில்லை. சைவக் கடைக்குள் இருப்பதெல்லாம் சைவம் என்றுதான் அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். தோசையை மச்சாள் சாப்பிட்டாள். நான் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு பிளேன்ரீ குடித்துவிட்டு எழும்பினேன்.

எனக்குக் கோபத்தைவிட ஆதங்கம்தான் கூட. வெளிநாட்டில் இப்படிச் சாப்பிடுகிறவர்கள் சோயாப் பாலும் முந்திரிச் சீஸும் தேடி அலைகிறார்கள். எங்களுக்கு என்ன குறை? பாலப்பத்தில் ஊற்றுவதே தேங்காய்ப்பால். சொதி, வெள்ளைக்கறி, கத்தரிக்காய்ப் பால்கறி எல்லாம் அதே பால்தான். பிட்டுக்குச் சம்பலும் முருங்கையிலை வறையும் இருந்தால் மாட்டை யார் நினைக்கப்போகிறார்கள்? ஒடியற்கூழைக்கூட மீன், நண்டு இல்லாமல் பயிற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி போட்டுக் காய்ச்சுகிற வீடுகள் உண்டு. கடையில் நான் கண்டதில்லை; யாராவது தொடங்கினால் முதல் ஆளாக வந்து நிற்பேன்.

சிக்கல் ஒளிந்திருக்கிற பாலில்தான். மோர்மிளகாய் பெயரிலேயே சொல்லிவிடுகிறது, சரி. சோற்றில் கேட்காமலே விழுகிற நெய்யைக் கை நீட்டி மறித்துவிடலாம். தேங்காய்ப்பால் மாவை எப்படி மறிப்பது? 2025 தொடக்கத்தில் தேங்காய் ஒன்று 200 ரூபாயைத் தாண்டியபோது மாப் பக்கம் போகத் தோன்றியிருந்தால் அது விளங்கக்கூடியதுதான். ஆனால் பொதியின் பின்பக்கத்தை ஒருக்காப் புரட்டிப் பாருங்கள். பலவற்றில் சோடியம் கேசினேற் என்று இருக்கும். மாட்டுப்பாலில் இருந்து எடுக்கிற புரதம் அது. கொழுப்புப் பிரியாமல் கரைவதற்காகச் சேர்ப்பது. என் வயிறு அதைத் தாங்கும். பாற்புரதம் ஒத்துக்கொள்ளாத பிள்ளை ஒன்று அந்தச் சொதியைக் குடித்தால் நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டி வரலாம்.

எனக்கென்று தனி அடுப்பு மூட்டச் சொல்லவில்லை. காலையில் சோக்கட்டியால் கறிகளின் பெயர் எழுதுகிறீர்களே, அந்தப் பலகையில் பாலும் நெய்யும் சேராத கறிகளுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வையுங்கள். நெய்யைக் கிண்ணத்தில் வைத்தால் வேண்டியவர்கள் விட்டுக்கொள்வார்கள், உங்களுக்கும் நெய் மிச்சம். பட்டரும் பாலில் இருந்துதான் வருகிறது என்பதைத் தம்பிமாருக்குச் சொல்லிவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் உங்கள் கடைகளில் இருக்க இடம் கிடைக்காது. வெளிநாட்டில் இருந்து வருகிற எங்கள் பிள்ளைகளில் பால் தொடாதவர்களும் இருக்கிறார்கள். புள்ளி வைப்பதை அந்த நாட்களில் தொடங்கிப் பார்க்கலாம்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வருவேன். மோர்மிளகாய் வேண்டாம், அதற்குப் பதிலாக அப்பளம் இரண்டாக வையுங்கள்.

இப்படிக்கு,
கோண்டாவிலில் இருந்து உங்கள் வாடிக்கைக்காரி ஒருத்தி