நிரலாளனாக விரும்பும் தம்பிக்கு ஒரு கணிதக் கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

மென்பொருள் எழுதுவதையே தொழிலாகக் கொள்ளப் போவதாகவும், மீதமுள்ள பள்ளி ஆண்டுகளில் கணிதத்தில் எதை எப்போது படிப்பது என்று குழம்புவதாகவும் எழுதியிருந்தாய். நுண்கணிதத்தை முதலில் எட்டுபவரே முன்னே செல்வார் என்று உன் நண்பர்கள் சொல்கிறார்களாம். அந்த அவசரம் எனக்கு உடன்பாடில்லை.

இயற்கணிதத்தில், குறிப்பாகச் சார்புகளிலும் மடக்கையிலும், நன்றாகக் காலூன்றிக்கொள். அகரவரிசையில் அடுக்கப்பட்ட பத்து லட்சம் பெயர்களுள் ஒன்றைத் தேடும்போது, ஒவ்வொரு முறையும் நடுவில் பார்த்து, தேவையற்ற பாதியைத் தள்ளிவிட்டால் 20 ஒப்பீடுகளுக்குள் விடை கிடைத்துவிடும். ஏனெனில் இரண்டின் 20ஆம் அடுக்கு பத்து லட்சத்தைத் தாண்டிவிடுகிறது. ஓர் எண்ணை எட்ட இரண்டை எந்த அடுக்குக்கு உயர்த்த வேண்டும் என்று சொல்வதுதான் இங்கே மடக்கை. பள்ளியில் மடக்கையை அட்டவணை பார்க்கும் வேலையாக மட்டும் கற்ற எனக்கு, இது வேலைக்குச் சேர்ந்த பிறகே புரிந்தது.

அதைவிடவும் நீ அதிக நேரம் செலவிட வேண்டியது தனிநிலைக் கணிதத்தில்தான். கணங்கள், தர்க்கம், வரிசை மாற்றங்களும் சேர்மானங்களும், தொகுத்தறிதல் முறை (முதல் எண்ணுக்கு உண்மை, ஓர் எண்ணுக்கு உண்மையானால் அடுத்ததற்கும் உண்மை என்று காட்டி எல்லா எண்களுக்கும் நிறுவுவது) ஆகிய இவற்றைப் பல பள்ளிகள் ஓரிரு அத்தியாயங்களில் முடித்துவிடுகின்றன. ஆனால் நிரலாளரின் அன்றாட வேலை இவற்றின் மேல்தான் நிற்கிறது. ஒருமுறை, பதிவுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு இரட்டிப்புகளைக் கண்டுபிடிக்கும் நிரல் ஒன்றை எழுதினேன். 100 பதிவுகளில் 4,950 இணைகளே இருந்ததால் அது நொடியில் முடிந்தது. ஒரு லட்சம் பதிவுகளைக் கொடுத்தபோது இணைகள் ஏறத்தாழ 500 கோடி ஆகிவிட, நிரல் திணறி நின்றது. எழுதுவதற்கு முன் எண்ணிப் பார்த்திருந்தால் ஒரு வார உழைப்பு மிஞ்சியிருக்கும். தர்க்கமும் அப்படித்தான்: ‘இதுவும் அதுவும்’ என்ற நிபந்தனையை மறுத்தால் ‘இது இல்லை அல்லது அது இல்லை’ என்று ஆகும் என்னும் டி மார்கன் விதியைத் தவறவிட்டவர்களின் பிழைகளை நான் இன்றும் திருத்திக்கொண்டிருக்கிறேன். 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலக் கணிதவியலாளர் ஜார்ஜ் பூல் வகுத்த தர்க்க இயற்கணிதத்தை மின்சுற்றுகளுக்குப் பொருத்தலாம் என்று அமெரிக்கக் கணிதவியலாளர் கிளாட் ஷானன் 1937இல் தம் முதுகலை ஆய்வேட்டில் காட்டினார். கணினிச் சுற்றுகள் இன்றும் அந்த அடித்தளத்தில்தான் வடிவமைக்கப்படுகின்றன.

நிகழ்தகவையும் புள்ளியியலையும் விருப்பப் பாடம்தானே என்று விட்டுவிடாதே. 23 பேர் கூடிய இடத்தில் இருவருக்காவது ஒரே பிறந்தநாள் அமையும் வாய்ப்பு பாதிக்கும் சற்று அதிகம். தற்போக்காக அடையாள எண்கள் வழங்கும் நிரலில் இரண்டு எண்கள் மோதிக்கொள்வதும் இதே கணக்குதான். முக்கோணவியலும், எண்களை வரிசையும் நிரலுமாக அடுக்கும் அணிகளும் கணினி விளையாட்டு, வரைகலை பக்கம் போனால் உடனே கைகொடுக்கும்.

நுண்கணிதத்தைக் கைவிடச் சொல்கிறேன் என்று எண்ணிவிடாதே. பல பல்கலைக்கழகங்கள் கணினி அறிவியல் பட்டத்திற்கு அதைக் கேட்கின்றன. இயந்திரக் கற்றலில் பிழையைப் படிப்படியாகக் குறைக்கும் முறையே நுண்கணிதத்தின் பகுதியான வகையிடலில்தான் பிறக்கிறது. இயற்கணிதம் உறுதியானபின் கடைசி ஆண்டில் அதை எடு. ஆனால் எந்த ஓர் ஆண்டையும் கணிதம் இல்லாமல் கழிக்காதே. அந்த இடைவெளியை அடைப்பது மிகவும் கடினம்.

இந்த விடுமுறையில் ஒன்று செய். முதல் n ஒற்றை எண்களின் கூட்டல் n-இன் வர்க்கம் என்பதைத் தொகுத்தறிதல் முறையில் நிறுவு. பிறகு அதே கூட்டலைச் செய்யும், தன்னைத்தானே அழைக்கும் ஒரு சார்பை பைத்தான் நிரல்மொழியில் எழுது. இரண்டையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அக்கா