எங்கள் மாத்திரையை எங்களுக்கென்று எடுத்து வையுங்கள்

மக்கள் நல்வாழ்வுத் துறையிலும் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிலும் முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் மருந்துக்கடையில் சீட்டை நீட்டியதும் அங்கிருந்த தம்பி, "இது கொரோனா மாத்திரைதானே அக்கா, இன்னுமா சாப்பிடுறீங்க?" என்று கேட்டான். அவன்மேல் கோபமில்லை. ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். ஹைட்ராக்சிகுளோரோகுயின் எனக்குக் கொரோனா மாத்திரை இல்லை. உடம்பின் எதிர்ப்புசக்தி உடம்பையே தாக்கும் லூபஸ் நோய் என்று கண்டுபிடித்த நாளிலிருந்து, பதினான்கு வருடமாக, காலையில் ஒன்றும் இரவில் ஒன்றுமாகச் சாப்பிட்டு வருகிறேன்.

2020 மார்ச்சில் நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். மருத்துவப் பணியாளர்களும் தொற்று உள்ளவர்களின் வீட்டாரும் தடுப்புக்காக இதை எடுக்கலாம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) சொன்னது, ஊரடங்கு வந்தது, எந்த நோயும் இல்லாதவர்கள் அட்டை அட்டையாக வாங்கிப் போனார்கள். 26ஆம் தேதி மத்திய அரசு இந்த மருந்தின் விற்பனையை, மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்ற எச்1 விதிகளுக்குள் கொண்டு வந்தபோது என் டப்பாவில் இருந்தது ஒன்பது மாத்திரை. சீட்டு கையில் இருந்தது, கடையில் மாத்திரை இல்லை.

அந்த ஒன்பதை எப்படிச் சாப்பிட்டேன் என்று கேளுங்கள். முதலில் இரவு மாத்திரையை விட்டேன், அப்புறம் ஒருநாள் விட்டு ஒருநாள், அப்புறம் வாரம் ஒன்று. காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருந்தேன். என் தம்பி வண்டியை எடுத்துக்கொண்டு, வழியில் நிறுத்திய போலீஸாரிடமெல்லாம் சீட்டைக் காட்டி, கடை கடையாக அலைந்துவிட்டு வெறுங்கையோடு வருவான். இந்த மருந்து உடம்பில் பல வாரம் தங்கும் என்பதால் உடனே ஒன்றும் தெரியவில்லை. மே மாதம் விரல்கள் வீங்கின, சிறுநீரில் புரதம் போனது, ஸ்டீராய்டு அளவைக் கூட்ட வேண்டியதாயிற்று. ஊரே எதிர்ப்புசக்தி வேண்டுமென்று கபசுரக் குடிநீர் குடித்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் எதிர்ப்புசக்தியைக் குறைக்கும் மருந்தைக் கூட்டிச் சாப்பிட்டேன். ஜூன் முதல் வாரத்தில், மருத்துவமனையில் சேர்ந்த கொரோனா நோயாளிகளுக்கு இந்த மாத்திரையால் பலனில்லை என்று இங்கிலாந்தின் ரெக்கவரி ஆய்வு சொன்னது. அதைப் படித்துவிட்டு அன்று முழுக்க அழுதேன்.

அடுத்த முறை எந்தத் தொற்று வந்தாலும், எந்த மருந்துக்குத் திடீர் மவுசு வந்தாலும், ஏற்கெனவே அதை நம்பி உயிர் வாழ்கிறவர்களின் பங்கை முதலில் எடுத்து வையுங்கள். நான் கேட்பது இதைத்தான்.

அந்த நாட்களில் தினமும் மாலை வந்த கொரோனா அறிக்கையில், இறந்தவர்களுக்கு "இணைநோய் இருந்தது" என்று ஒரு வரி இருந்ததே, அது மற்றவர்களுக்கு ஆறுதலாக இருந்திருக்கலாம். எங்களுக்கு அது எங்கள் பெயரை வாசிப்பது போல இருந்தது. 2021 மார்ச்சில் இணைநோயாளிகளுக்குத் தடுப்பூசி என்று அறிவித்தார்கள், இருபது நோய்நிலைகளின் பட்டியலில் நீண்டநாள் ஸ்டீராய்டு எடுப்பவர்களும் இருந்தார்கள், ஆனால் வயது 45 ஆகியிருக்க வேண்டும். எனக்கு அப்போது 33. மே மாதம்வரை கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நோய்க்கு வயது தெரியாது என்பதை யாரும் உங்களுக்குச் சொல்லவில்லையா?

சரி, கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னியுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் மூலம் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீட்டுக்கே போகிறது, நல்ல காரியம். அதேபோல எங்களைப் போன்றவர்களையும் மாவட்டவாரியாகப் பதிவு செய்து, மூன்று மாத மருந்தை அவசர இருப்பாக வைத்து, பதிவு உள்ளவர்களுக்கு மட்டும் கொடுக்கும்படி ஓர் ஆணை போடுங்கள்.

இப்போதெல்லாம் புதுக் காய்ச்சல் என்று செய்தி வந்தாலே நான் மருந்துக்கடைக்கு ஓடுகிறேன். பதுக்கியவர்களை அன்று திட்டியவள் நான், இன்று என் அலமாரியில் நான்கு மாத மாத்திரை இருக்கிறது. எங்கள் பங்கு பத்திரமாக இருக்கிறது என்று எழுத்தில் கொடுங்கள், இதை நிறுத்திவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு லூபஸ் நோயாளி