காக்கா, நிக்காஹ்வுக்கு வாங்க

காக்கா,

இதை வேறு ஆட்களும் வாசிப்பார்கள். அதனால் 2019 ஏப்ரல் 21, இலங்கையில் தேவாலயங்களில் குண்டு வெடித்த அந்த ஈஸ்டர் ஞாயிறுக்குப் பிறகு நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்பதை எழுதவில்லை. உங்கள் மேல் வழக்கு எதுவும் போடப்படவில்லை, அதை மட்டும் அவர்கள் தெரிந்துகொள்ளட்டும்.

நான் பார்க்க வரவில்லை. மன்னியுங்கள். ஆனால் அந்தக் கிழமை எங்கள் வீட்டையும் சோதனை போட்டார்கள், சின்னவள் ராத்திரியெல்லாம் அழுதாள். வந்திருந்தால் என்னையும் சேர்த்து எழுதியிருப்பார்கள்.

எனக்கு அந்த 2008 மஃரிப் நேரம்தான் திரும்பத் திரும்ப வருகிறது. அல்-காஇதாக்காரர்களுக்கே ஜிஹாத் சட்டம் எழுதிக் கொடுத்த டாக்டர் ஃபழ்ல், 2007இல் எகிப்துச் சிறையிலிருந்து அதை மறுத்து எழுதியிருந்தாரே, அதைப் பிரிண்ட் எடுத்து வந்து உங்கள் முன்னால் வைத்தேன். அவர் எழுதியிருந்தது இதுதான்: விசா கொடுத்து உள்ளே விட்டால் அது அமான், அதாவது உயிருக்குப் பாதுகாப்பு என்ற வாக்கு. அந்த நாட்டுக்காரனைக் கொல்வது துரோகம். பெற்றோர் சம்மதம் இல்லாமல் கிளம்பக் கூடாது. ஒருவன் எந்த நாட்டவன் என்பதை வைத்து அவன் உயிரை எடுக்க முடியாது. நீங்கள் சிரித்தீர்கள். சிறையில் ஃபேக்ஸ் மெஷின் இருக்கிறதாமா, கரண்ட் ஷாக் கொடுக்கிற லைனிலா அது ஓடுகிறது என்று அல்-காஇதா தலைவர்களில் ஒருவரான ஸவாஹிரி கேட்டதையே திருப்பிக் கேட்டீர்கள். சித்திரவதையில் எழுதியது செல்லாது என்பது நியாயமான கேள்விதான், இன்றும் ஒப்புக்கொள்கிறேன். விசா அமான் ஆகாது என்ற ஸவாஹிரியின் பதிலையும் வரிவரியாகச் சொன்னீர்கள். எவ்வளவு படித்திருந்தீர்கள் காக்கா! எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அப்புறம், "மௌலூது ஓதுற உன்ட வாப்பாக்குப் பின்னால நான் தொழ மாட்டன்" என்றீர்கள். நபியைப் புகழ்ந்து ஓதுவதுதான் மௌலூது, அதுவே உங்களுக்குக் குற்றமாகப் பட்டது. வாப்பா அடுத்த அறையில் இருந்தார். "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ மகன்" என்று மட்டும் குரல் வந்தது. நீங்கள் குடிக்கவில்லை.

நாம் விசாவைப் பற்றி வாதாடியது வீண். என் வாப்பா முஸ்லிமா இல்லையா என்று உங்களுக்குள் தீர்ப்பு எழுதியாகிவிட்டது. அதை நீங்கள் மட்டும் எழுதவில்லை. 1979இலேயே பெரிய உலமாக்கள் நம்மூர் சூஃபிகளை முர்தத், அதாவது மார்க்கத்தை விட்டுப் போனவர்கள் என்று பத்வா கொடுத்தார்கள். 2017இல் நம்ம காத்தான்குடி அலியார் சந்தியில், பிறகு அந்த ஈஸ்டர் குண்டுகளுக்குத் தலைமை தாங்கிய சஹ்ரானின் ஆட்கள் சூஃபிகளோடு மோதியதும் அந்தத் தீர்ப்பின் மேல் நின்றுதான். இதைச் சொன்னால் ஊரில் எனக்குத்தான் ஏச்சு விழும், விழட்டும். நீங்கள் குண்டு வைக்கவில்லை. அந்தத் தேவாலயங்களில் நடந்ததைக் கேட்டு அழுதீர்கள் என்று மச்சி சொன்னா. நம்புகிறேன். ஆனால் வாப்பா மௌத்தாகும்வரை நீங்கள் ஸலாம் சொல்லவில்லையே.

அடுத்த மாசம் மகளுக்கு நிக்காஹ். முதல்நாள் வீட்டில் மௌலூது ஓதுவோம், உங்களுக்காக நிறுத்த மாட்டேன். ஓதி முடிந்த பிறகு வேண்டுமானால் வாங்க. சோறு எடுத்து வைக்கிறேன்.