'மற்றும்' அல்ல, 'அல்லது'

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரக் கல்வி இணைப்பின் கேள்வி-பதிலில், உதவித்தொகை கேட்கும் திருமணமான மாணவிக்குப் "பெற்றோர் மற்றும் கணவர் வருமானம்" பார்க்கப்படும் என்று ஒரே வரியில் முடித்திருக்கிறீர்கள். தையில் கல்யாணமாகி மறுபடி கல்லூரிக்குக் கிளம்பும் டெல்டாப் பெண்கள், இந்த ஒரு வரியைப் படித்துவிட்டு விண்ணப்பமே போடாமல் இருந்துவிடுவார்கள். தாங்கள் அறியாததல்ல.

பட்டியலின மாணவர்களின் போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்கு மேலான படிப்பு) உதவித்தொகைக்கு 2010 ஜூலையில் நடைமுறைக்கு வந்த மத்திய விதிமுறையைப் பாருங்கள். அதில் கணக்கில் எடுக்கச் சொன்னது பெற்றோர் வருமானம், வேலையில் இல்லாத திருமணமான மாணவி என்றால் கணவர் வருமானம். வீட்டில் வேறு யார் சம்பாதித்தாலும் அதன்படி கணக்கில் வராது. ஆண்டு வருமான வரம்பு இப்போது 2.5 லட்சம் ரூபாய். கணவருக்கு ஆண்டுக்கு 1,80,000, அப்பாவுக்கு 1,10,000 என்றால் அந்த விதிப்படி மாணவி தகுதியானவள். தங்கள் வரிப்படி 2,90,000 ஆகி, வெளியே நிற்கிறாள்.

தாலுகா அலுவலகங்களிலும் இதே குழப்பம்தான். இ-சேவையில் 60 ரூபாய் கட்டி வருமானச் சான்றுக்குப் பதிந்ததும் வி.ஏ.ஓ. (கிராம நிர்வாக அலுவலர்) முதலில் பார்ப்பது ரேஷன் கார்டை. பெயர் பிறந்த வீட்டுக் கார்டிலேயே கிடந்தால் அப்பா வருமானத்துக்குச் சான்று வரும். கல்லூரி கணவர் சான்று கேட்டுத் திருப்பி அனுப்பும். புகுந்த வீட்டுக் கார்டில் சேர்த்தாலோ மாமனார், கொழுந்தனார் வருமானமும் ஏறிவிடுகிறது. அதனால் கார்டை மாற்றிய கையோடு, கணவர் வருமானம் மட்டுமே என்று தனியாக எழுதிக் கொடுத்தாக வேண்டும்.

இதைவிட மோசம் கூலிக் கணக்கு. நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குபவருக்குக் குறுவை, சம்பா அறுவடை மாதங்களில்தான் வேலை. பிப்ரவரிக் கூலியைப் பன்னிரண்டால் பெருக்கினால் அவரும் வசதிக்காரர் ஆகிவிடுவார்! நெல் போட்ட பணம் வங்கியில் ஏறியதைப் பார்த்து, உழவு, நடவு, உரம், குத்தகை நெல் எதையும் கழிக்காமல் அப்படியே வருமானமாக எழுதுவதும் நடக்கிறது. விசாரணைக்கு முன்பே குத்தகைச் சீட்டையும் செலவுக் கணக்கையும் கொடுத்துவிடுவதுதான் ஒரே வழி.

சாதிச் சான்றைக் கணவர் பெயரில் புதிதாக வாங்கி வரச் சொல்லி அலைக்கழிக்கிறார்கள். கல்யாணத்தால் சாதி மாறுவதில்லை. அப்பா பெயரில் உள்ள சான்றே செல்லும். ஆதாரில் இனிஷியலை மாற்றினால் மதிப்பெண் பட்டியலோடு ஒத்துப்போகாது, படிப்பு முடியும்வரை மாற்றாமல் இருப்பதே நல்லது. பணமும் ஆதார் கடைசியாக எந்த வங்கிக் கணக்கில் இணைக்கப்பட்டதோ அங்கேதான் போகும். தொகை வரவில்லை என்று அழும் பலருக்கு அது பழைய கணக்கில் ஏறியிருக்கிறது, அல்லது அந்தக் கணக்கு மூடிப்போனதால் ஏறாமல் நிற்கிறது. இவற்றில் ஒன்றையாவது தங்கள் கல்வி இணைப்பு இத்தனை ஆண்டுகளில் எழுதியதுண்டா?

இவ்வளவையும் வெளியிட வேண்டாம். அடுத்த வாரம் அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் "பெற்றோர் அல்லது கணவர்" என்று திருத்தம் போடுங்கள்.

இப்படிக்கு,
வாசகி, நீடாமங்கலம்