வாட்ச் கடை அண்ணனுக்கு, ஆத்தங்குடியிலிருந்து

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். பங்குனியில் வார் அறுந்த ஸ்மார்ட் வாட்சோடு உங்கள் கடைக்கு வந்தேனே, அன்றைக்கு நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்லாமலே பஸ் ஏறிவிட்டேன். "அப்பா கட்டின எச்.எம்.டி. ஜனதா வாட்ச் இருக்கையில இதை எதுக்குப்பா மாட்டிக்கிட்டே?" என்று கேட்டீர்கள். அதில் கோபம் இல்லை. கண்ணில் லென்ஸோடு, டப்பாவில் வாருக்கான பின்னைத் தேடிக்கொண்டேதான் கேட்டீர்கள். காரைக்குடியிலிருந்து ஊர் வந்து சேரும்வரை அந்தக் கேள்வி கூடவே வந்தது. இருபது வருஷமாக எங்கள் வீட்டுக் கடிகாரத்தைப் பார்த்துவரும் உங்களுக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நானாக இதை வாங்கவில்லை. போன ஆடியில் சிங்கப்பூரிலிருந்து வந்த அக்கா மகன் கையில் கட்டிவிட்டுப் போனான். சார்ஜ் போட வேண்டிய ஒன்றை வாட்ச் என்று எப்படிச் சொல்வது என்றுதான் எனக்கும் தோன்றியது. காலையில் சாவி கொடுத்தால் மறுநாள் காலை வரை ஓடுகிற கடிகாரம் போதாதா? ஒரு வாரம் பெட்டியிலேயே கிடந்தது.

எங்கள் தரைக்கல் பட்டறையை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். இரும்புச் சட்டத்துக்குள் கண்ணாடியைப் போட்டு, மேலே அச்சை வைத்து, சிவப்பு, மஞ்சள், பச்சை என்று கலர் சிமெண்டுக் கரைசலைக் கரண்டியால் ஒவ்வொரு குழியிலும் ஊற்றுவோம். அச்சைத் தூக்கும்போது கை அசைந்தால் கோடு கலங்கிவிடும். அதன்மேல் உலர்ந்த சிமெண்டும் மணலும், அதற்கும் மேல் ஈரக் கலவை. இறுகியபின் தண்ணீர்த் தொட்டிக்குப் போகும். சூளையே கிடையாது, கண்ணாடி தொட்ட முகம்தான் பளபளப்பு. காலையிலிருந்து சாயங்காலம் வரை கையில் கலரோ, சிமெண்டோ, தண்ணீரோ இருந்துகொண்டே இருக்கும். அப்பா உள்ளே நுழைந்ததும் ஜனதாவைக் கழற்றி நிலைக்கதவுக்குப் பக்கத்து ஆணியில் மாட்டுவார். ஒரே ஒரு நாள் மறந்துவிட்டார். அன்றைக்குத் தெறித்த சிவப்பு ஆக்ஸைடுப் புள்ளி 4 மணிக்கு நேராகக் கண்ணாடியில் இன்னும் இருக்கிறது. நானும் அதே ஆணியில்தான் மாட்டினேன். அப்படியானால் வேலை நேரத்தில் அப்பாவுக்கும் எனக்கும் கையில் வாட்ச் இருந்ததே இல்லை, அண்ணே. நேரம் தெரிய வேண்டுமானால் எழுந்து கதவுவரை போக வேண்டும்.

இந்த வாட்சைக் கழற்ற வேண்டியதில்லை. என் பதிலில் பாதி இதுதான். 5 பொத்தான், எல்லாமே அமுக்குகிற பொத்தான். ஈரக் கையோடு தொட்டால் போன் திரை என்ன பாடு படுத்தும் என்று தெரியுமே? இதில் அந்தத் தொல்லை இல்லை. யார் கூப்பிடுகிறார்கள் என்று மணிக்கட்டு அதிரும்போதே பார்த்துக்கொள்கிறேன். கலர்க் கையால் போனை எடுக்க வேண்டியதில்லை. வெயில் ஏற ஏற இதன் எழுத்து தெளிவாகிறது. திரை தானாக ஒளி விடாமல், விழுகிற வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிற வகை.

பெட்டியில் ராணுவத் தரம் என்று போட்டிருந்தது. அதை அப்படியே நம்பாதீர்கள். மில்-எஸ்.டி.டி-810 என்பது அமெரிக்க ராணுவத்தின் சோதனை முறை. எந்தச் சோதனையை எவ்வளவு கடுமையாகச் செய்வது என்பதைத் தயாரிப்பவரே தேர்ந்துகொள்ளலாம். ராணுவம் யாருக்கும் சான்றிதழ் கொடுப்பதில்லை. தண்ணீர் தாங்கும் அளவாகப் போட்டிருந்த 10 ஏ.டி.எம். என்பதும் அப்படித்தான். 100 மீட்டர் ஆழத்தின் அழுத்தத்தை அசையாத தண்ணீரில் தாங்கியது என்று பொருள். சுடுதண்ணீரும் சோப்பும் உள்ளே இருக்கும் ரப்பர் வளையத்தை நாளாக நாளாகக் கெடுக்கும். தொட்டியில் கையை விடும்போது கவலைப்படுவதில்லை, வெந்நீரில் குளிக்கும்போது மட்டும் கழற்றிவிடுகிறேன்.

உடையாத வாட்ச் என்ற யோசனை எங்கே தொடங்கியது என்று தேடிப் படித்தேன். கேசியோ கம்பெனியின் கிகுவோ இபே என்ற பொறியாளர், அப்பா கொடுத்த கடிகாரம் கீழே விழுந்து உடைந்துபோனதிலிருந்து ஆரம்பித்திருக்கிறார். 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும் தாங்க வேண்டும், 10 பார் தண்ணீர் அழுத்தம், 10 வருஷம் பேட்டரி. இதுதான் இலக்கு. சுமார் 200 மாதிரிகளை மேலிருந்து போட்டுப் போட்டுப் பார்த்து, கடைசியில் ரப்பர்ப் பந்துக்குள் மிதக்கிற மாதிரி இயந்திரத்தை உறைக்குள் தொங்கவிட்டார். 1983இல் ஜி-ஷாக் என்ற அந்த வாட்ச் வந்தது. அப்பாவின் கடிகாரம் என்ற இடத்தில் நான் கொஞ்ச நேரம் படிக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

இனி குறைகள். முதல் மாதமே வாருக்குக் கீழே தோல் சிவந்து எரிந்தது. வாட்சைத்தான் குற்றம் சொன்னேன். பிறகுதான் புரிந்தது, குற்றம் சிமெண்டு. ஈர சிமெண்டின் காரம் வாருக்கும் தோலுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு மணிக்கணக்கில் அரித்திருக்கிறது. இப்போது ஒவ்வொரு தேநீர் இடைவேளைக்கும் கழற்றி, மணிக்கட்டையும் வாரையும் கழுவித் துடைத்துத்தான் கட்டுகிறேன். நம் பட்டறைப் பையன்களுக்கும் சொல்லியிருக்கிறேன். வாட்ச் என்றில்லை, கயிறு, காப்பு எதுவானாலும் இதே கதைதான்.

இன்னொன்று. பக்கவாட்டில் ஊசி முனை அளவு துளை ஒன்று உண்டு. காற்றழுத்தத்தை அளந்து உயரம் சொல்வதற்கு. அதில் கலவை அடைத்துக்கொண்ட நாளில், மேடென்று சொல்ல எதுவும் இல்லாத ஆத்தங்குடியில் நான் மலை ஏறியதாகக் கணக்குக் காட்டியது. ஊசியால் குத்தக்கூடாது, நல்ல தண்ணீரில் அலசினால் போதும். அலசியதும் சரியாகிவிட்டது.

காலடிக் கணக்கும் அப்படித்தான். உட்கார்ந்த இடத்தில் மணல் சலித்தால் நடந்தேன் என்கிறது. கல் ஏற்றின தள்ளுவண்டியைத் தெருமுனை வரை தள்ளிக்கொண்டு போனால் நடக்கவே இல்லை என்கிறது. கையின் ஆட்டத்தைத்தான் அது அறியும், காலை அறியாது. நாளுக்கு 10,000 அடி என்று எல்லோரும் சொல்கிறார்களே, அது முதலில் மருத்துவர் சொன்ன கணக்கில்லை. 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவிக்கு மான்போ-கெய் என்று பெயர் வைத்தார்கள். பத்தாயிரம் காலடி அளக்கும் கருவி என்று அர்த்தம். அந்தப் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. எனக்கு அந்த எண் வேண்டாம் என்று அணைத்துவிட்டேன். தூக்கத்துக்கு மதிப்பெண் போடுவதையும் அணைத்துவிட்டேன். அசையாமல் டி.வி. பார்த்துக்கொண்டிருந்ததையும் தூக்கம் என்று எழுதிவைக்கிற கணக்கு எனக்கெதற்கு?

நாடித்துடிப்பை மட்டும் நம்புகிறேன், அதுவும் சும்மா இருக்கும்போது. வாட்சின் முதுகில் எரியும் பச்சை விளக்கைப் பார்த்து அது எதற்கென்று கேட்டீர்களே, ரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்பிலும் தோலுக்கடியில் ரத்தம் கூடும்போது திரும்பி வரும் வெளிச்சம் குறையும். அந்த ஏற்ற இறக்கத்தை எண்ணுகிறது. கழுத்தில் விரலை வைத்து நானே எண்ணிப் பார்த்தேன், ஒன்றிரண்டுதான் வித்தியாசம். கலவை குழைக்கும்போது மணிக்கட்டு வளைந்து வளைந்து நிமிர்வதால் கணக்கு தாறுமாறாகப் போகிறது. அதை நான் பார்ப்பதே இல்லை.

தை மாசம் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடந்தேன். நகரத்தார் காவடிக்குப் பின்னால் வருஷா வருஷம் எங்கள் தெருக்காரர்கள் போவதுதான். சிங்கம்புணரி தாண்டி, நத்தம் தாண்டி, திண்டுக்கல் வரும்போது பேட்டரி தீர்ந்துவிட்டது. 2 வாரம் வரும் என்றார்கள். நான் வழி நெடுக ஜி.பி.எஸ்ஸை ஓட விட்டிருந்தேன். ராத்திரி நடையில் கூட வந்த பெரியவர் ஒருவர், இன்னும் எவ்வளவு தூரம் என்று என்னைக் கேட்டுக்கொண்டே வந்தார். வாட்ச் அணைந்தபிறகு கேட்பதை நிறுத்திவிட்டார். அதற்குப்பின் அவர் நன்றாகவே நடந்தார். அடுத்த வருஷம் ஜி.பி.எஸ் போடமாட்டேன்.

இப்போது வார் விஷயம். எட்டே மாதத்தில் கொக்கிக்குப் பக்கத்தில் விண்டுவிட்டது. உறை, கண்ணாடி, பொத்தான் எல்லாம் புதுசு மாதிரி இருக்கிறது, ரப்பர் வார் மட்டும் போய்விட்டது. சேவை மையத்துக்குப் போன் செய்தேன். அந்த வார் தனியாகக் கையிருப்பில் இல்லை, வாட்சையே அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறோம் என்றார்கள். ஒரு வாருக்கு ஒரு வாட்சைப் பார்சல் போடச் சொன்னதில் எனக்கு இன்னும் ஆற்றாமைதான். நீங்கள் பழைய நைலான் பட்டையை அளவாக வெட்டி, ஓரத்தைச் சூடு காட்டி, டப்பாவில் கிடந்த பின்னைத் தேய்த்து உள்ளே விட்டு 15 நிமிஷத்தில் கட்டிக் கொடுத்தீர்கள். 40 ரூபாய் வாங்கினீர்கள். அந்தப் பட்டை ரப்பரைவிட நல்லது; வேர்வை நிற்கவில்லை, தோல் எரியவில்லை.

அன்றைக்கு உங்கள் முன்னால் உட்கார்ந்திருந்தபோது எனக்குப் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். இந்த வாட்ச் அடிபட்டால் தாங்கும். ஜனதா தாங்காது. ஆனால் ஜனதா விழுந்தால் நீங்கள் இருக்கிறீர்கள். 1961இல் சிட்டிசன் கம்பெனியோடு சேர்ந்து பெங்களூரில் வாட்ச் செய்ய ஆரம்பித்த எச்.எம்.டி.யின் வாட்ச் பிரிவை மூடிவிடுவதென்று 2016இல் மத்திய அரசு முடிவு செய்தது. கம்பெனி போன பிறகும் அந்தக் கடிகாரம் ஓடுகிறது. பேலன்ஸ் வீலை இடுக்கியால் தூக்கி, துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் வைக்க உங்கள் கை இருப்பதால் ஓடுகிறது. என் கையில் இருப்பதன் லித்தியம் பேட்டரி சில வருஷத்தில் ஓயும். அன்றைக்கு இதைத் திறக்க யார் இருப்பார்கள்?

பின்மூடியில் நட்சத்திரத் தலை வைத்த 4 சின்னத் திருகு இருக்கிறது. அதற்கேற்ற திருப்புளி உங்களிடம் இருக்கிறதா, அண்ணே? இல்லையென்றால் நான் வாங்கி வருகிறேன். பேட்டரி ஓய்ந்ததும் நாம் இரண்டு பேரும் திறந்து பார்ப்போம். கெட்டுப்போனால் போகட்டும். கடையை மூடிவிடலாமா என்று போன தடவை சொன்னீர்களே, அந்தப் பேச்சை அதுவரைக்குமாவது எடுக்காதீர்கள்.

ஜனதாவுக்கு ஒன்பது மாதமாகச் சாவி கொடுக்கவில்லை. அலமாரியில் துணி சுற்றி வைத்திருக்கிறேன், உள்ளே எண்ணெய் உறைந்திருக்கும். வெள்ளிக்கிழமை கொண்டு வருகிறேன், சர்வீஸ் செய்து கொடுங்கள். கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் இனி அதுதான். கண்ணாடிக்குப் பாலிஷ் போடும்போது 4 மணிக்கு நேராக உள்ள சிவப்புப் புள்ளியை மட்டும் தொடாமல் விட்டுவிடுங்கள்.

அன்புடன்,
ஆத்தங்குடித் தம்பி